படம் இருக்கிறது, பெயர் எங்கே? பழைய பள்ளி, குடும்பப் புகைப்படங்களில் காத்திருக்கும் ஊர் வரலாறு

கோல் மார்க்கெட் (புது தில்லி): தலைநகரின் மையப் பகுதியில், வட்டச் சாலையின் நடுவே 12 பக்கச் சுவர்களுடன் நிற்கிறது கோல் மார்க்கெட். 1921-ஆம் ஆண்டு கட்டப்பட்ட இது, புது தில்லியின் மிகப் பழைய சந்தைகளில் ஒன்று. இக்கட்டடத்தை மகளிரின் சாதனைகளை எடுத்துரைக்கும் அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்தைப் புது தில்லி நகராட்சிக் கவுன்சில் மேற்கொண்டுள்ளது. எனவே கட்டடம் பிழைத்துக்கொள்ளும். ஆனால், அதைச் சுற்றியிருந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்து, அங்கே காய்கறி வாங்கி, அருகிலுள்ள பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களின் வரலாறு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு விடை எளிதன்று.

அந்த வரலாற்றின் பெரும்பகுதி இன்று தில்லியிலேயே இல்லை. சென்னை, கும்பகோணம், திருச்சி, பாலக்காடு என எங்கெங்கோ உள்ள வீடுகளின் பரண்களிலும் இரும்புப் பெட்டிகளிலும், குடும்ப ஆல்பங்களாகவும் பள்ளிக் குழுப் படங்களாகவும் அது கிடக்கிறது.

சொந்த வீடில்லாத ஊர்

ஆங்கிலேய இந்தியாவின் தலைநகரம் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு 1911 டிசம்பரில் வெளியானது. புதிய நகரம் 1931-இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் பணியாற்ற அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து பலர் வந்தனர். கோடைக் காலத்தில் அரசு சிம்லாவுக்கு இடம்பெயரும்போது ஊழியர்களும் உடன் சென்றனர். அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியுடன் கூடிய கல்வி தேவைப்பட்டது. 1923-இல் 'மதராசி கல்விக் கழகம்' என்ற பெயரில் தொடங்கப்பட்ட அமைப்பே இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். டிடிஇஏ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பு தற்போது தலைநகரில் 7 பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் ஒன்று கோல் மார்க்கெட்டை அடுத்த மந்திர் மார்க்கில் உள்ளது.

பிற ஊர்களில் மூன்று, நான்கு தலைமுறைகள் ஒரே தெருவில் வாழ்வதுண்டு. முன்னோர் யார் என்பதைத் தெருவே நினைவில் வைத்திருக்கும். அரசுக் குடியிருப்பில் அந்த வாய்ப்பு இல்லை. ஊழியர் ஓய்வு பெற்ற சில மாதங்களுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அடுத்து வருபவருக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர் யார் என்பது தெரியாது. சில இடங்களில் கட்டடங்களும் மிஞ்சுவதில்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட 7 அரசுக் குடியிருப்புப் பகுதிகளை இடித்து மறுசீரமைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்தது. வீடும் தெருவும் மறைந்த பிறகு, அங்கு நடந்த வாழ்க்கைக்குச் சாட்சியாக எஞ்சுபவற்றுள் முதன்மையானது அவ்வீட்டு வாசலில் எடுக்கப்பட்ட புகைப்படமே.

ஒரு பள்ளிப் படம் சொல்வது என்ன?

ஆண்டு இறுதியில் எடுக்கப்படும் வகுப்புக் குழுப் படம் ஒரு சிறு கணக்கெடுப்புக்கு ஒப்பானது. வகுப்பில் மாணவிகள் எத்தனை பேர், மாணவர் காலில் செருப்பு உண்டா, சீருடை இருந்ததா, ஆசிரியைகள் எப்போது முதல் வரிசையில் அமரத் தொடங்கினர், முன்னே வைக்கப்பட்ட பலகையில் எந்த மொழியில் வகுப்பின் பெயர் எழுதப்பட்டது ஆகிய அனைத்தும் அதில் பதிவாகின்றன. அடுத்தடுத்த ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த அரசு ஆவணமும் கூறாத மாற்றங்கள் புலப்படும்.

குடும்பப் படங்களுக்கும் இது பொருந்தும். அட்டையின் ஓரத்தில் அழுத்தப்பட்டிருக்கும் ஸ்டூடியோ முத்திரை, அக்குடும்பம் அப்போது எந்த ஊரில் இருந்தது என்பதைக் காட்டும். 1915-இல் ஸ்ரீநகரில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் தில்லி கன்னாட் பிளேசில் நிலைபெற்ற மஹட்டா போன்ற நிலையங்களின் பெயர், ஆண்டு குறிக்கப்படாத படத்துக்குக்கூட ஏறத்தாழக் காலத்தைக் கணிக்க உதவும். பின்னணியில் தெரியும் மிதிவண்டி, வானொலிப் பெட்டி, நாட்காட்டி ஆகியவையும் அவ்வாறே.

முதலில் அழிவது பெயர்

நன்கு கழுவி அச்சிடப்பட்ட கறுப்பு-வெள்ளைப் படம் நூறாண்டுகளுக்கு மேலும் நிற்கக்கூடியது. 1970, 80-களின் வண்ணப் படங்கள் அதைவிட விரைவில் வெளிறுகின்றன. ஆனால், இரண்டுக்கும் முன்பே அழிந்துபோவது படத்தில் இருப்பவரின் பெயர்.

தமிழகத்து ஆல்பங்கள் பலவற்றில் படத்தின் பின்புறம் 'டெல்லி மாமா', 'பம்பாய் அத்தை', 'சின்னத் தாத்தா' என்று எழுதப்பட்டிருக்கும். எழுதியவருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த தலைமுறைக்கு அந்த மாமாவின் பெயர் தெரியாது. அவர் எந்த அலுவலகத்தில் பணியாற்றினார், எந்தக் குடியிருப்பில் வாழ்ந்தார் என்பதும் தெரியாது. பெண்களின் நிலை இன்னும் கடினம். திருமணப் படங்களின் கீழ் அவர்கள் பெரும்பாலும் 'இன்னாரின் மனைவி' என்றே குறிக்கப்பட்டுள்ளனர்.

1950-களில் பள்ளியில் பயின்றவர்கள் இப்போது 80 வயதை ஒட்டியும் கடந்தும் உள்ளனர். ஒரு குழுப் படத்தில் உள்ள 40 முகங்களுக்கும் பெயர் சொல்லக்கூடியவர் ஒருவரோ இருவரோதான் எஞ்சியிருப்பர். அவர்களும் மறைந்துவிட்டால், எத்தனை உயர்தரக் கருவி கொண்டு நகலெடுத்தாலும் அப்படம் அறியாதவர்களின் கூட்டமாகவே நிற்கும்.

பிற இடங்களில் நடப்பது என்ன?

தமிழகத்தின் பழைய ஸ்டூடியோக்களில் எஞ்சியுள்ள படங்களைத் தேடி எண்ம வடிவில் பதிவு செய்யும் பணியைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்கள்' திட்டம் இதற்கு ஆதரவளித்தது. ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது பழைய கண்ணாடித் தகடுகள் கழுவி வேறு பயன்பாட்டுக்கு விடப்பட்டதும், பிலிம்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போடப்பட்டதும் உண்டு. எனவே, வீடுகளில் இருக்கும் அச்சுப் பிரதியே பல நேரங்களில் ஒரே பிரதி.

சிவகங்கை மாவட்டம் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பிறர் கழித்துப்போட்ட நூல்களையும் திருமண அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இல் உருவானது.

இலங்கையில் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பதன் ஆபத்தை அந்த இழப்பு உணர்த்தியது. 2005-இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று நூல்கள், இதழ்களுடன் பாடசாலை மலர்களும் இடம்பெற்றுள்ளன. பழைய வகுப்புப் படங்கள் பெயர்ப் பட்டியலுடன் அச்சாகியிருப்பது பெரும்பாலும் இத்தகைய ஆண்டு மலர்களில்தான்.

அனுஷா யாதவ் 2010-இல் தொடங்கிய 'இந்தியன் மெமரி புராஜெக்ட்', 1991-க்கு முற்பட்ட குடும்பப் படங்களை அவற்றின் கதையுடன் வெளியிட்டு வருகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

இப்பணிக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வரிசைதான் முக்கியம்: முதலில் பெயர், பிறகு நகல், அதன் பின் பாதுகாப்பு.

* பெயர் பதிதல்: படத்தின் ஒளிநகல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் எண் இட வேண்டும். தனித் தாளில் அந்த எண்களுக்கு எதிரே முழுப் பெயர், ஊர், பணி, உறவு ஆகியவற்றை எழுத வேண்டும். பெண்களின் இயற்பெயரைத் தவறாது கேட்டறிய வேண்டும். இரு முதியவர்கள் வெவ்வேறு பெயர் கூறினால், யார் கூறியது என்ற குறிப்புடன் இரண்டையும் பதிவு செய்வதே முறை.

* பின்புறம் எழுதுதல்: பால்பாயின்ட் பேனா அழுத்தத் தடம் பதிக்கும்; மை ஊறி முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும்.

* நகலெடுத்தல்: சாதாரண அளவுப் படங்களை ஸ்கேனரில் 600 டிபிஐ துல்லியத்தில் எடுப்பது நல்லது. இதன்படி, 6 அங்குலம் x 4 அங்குலப் படம் 3,600 x 2,400 புள்ளிகள் கொண்ட கோப்பாகும். மூலக் கோப்பை டிஃப் வடிவிலும், பகிர்வதற்கான கோப்பை ஜேபெக் வடிவிலும் வைத்துக்கொள்ளலாம். அட்டையின் ஓரத்தை வெட்டிவிடாமல், எழுத்துள்ள பின்புறத்தையும் நகலெடுக்க வேண்டும். ஸ்கேனரில் அடங்காத பெரிய குழுப் படங்களை, நேரடி வெயிலும் ஃபிளாஷும் படாத இடத்தில் சமதளமாக வைத்து, மேலிருந்து கேமராவால் எடுக்கலாம்.

* அனுப்புதல்: வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் துல்லியம் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே சென்று சேரும்.

* பாதுகாத்தல்: பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களின் பசை, காலப்போக்கில் படத்தை மஞ்சளாக்கும். ஒட்டிக்கொண்ட படங்களைப் பலவந்தமாகப் பிய்க்கக் கூடாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலை அடியில் செலுத்தி மெதுவாக அறுத்தெடுக்கலாம். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்காமல், கண்ணாடியுடனேயே நகலெடுப்பதே பாதுகாப்பானது. லேமினேஷன் செய்தால் பின்னர் பிரிக்க இயலாது. அமிலமற்ற தாள் உறையில், ஈரம் படியாத உள்ளறை அலமாரியில் வைப்பது சிறந்தது.

* பிரதிகள்: குறைந்தது மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருப்பது நல்லது.

பகிர்வதற்கு முன்

குழுப் படம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. அதில் இருப்பவர்களோ அவர்களின் பிள்ளைகளோ பொதுவெளியில் வெளியிட விரும்பாமல் இருக்கலாம். இயன்றவரை ஒப்புதல் பெறுவதும், வீட்டு முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை நீக்குவதும் அவசியம். பள்ளிக்கோ நூலகத்துக்கோ வழங்கும்போது மூலப் படத்தைத் தாமே வைத்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலுடன் நகலை அளிக்கலாம். பட்டியல் இல்லாத நகலைப் பெறும் நிறுவனத்தால் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதைக்கூட முடிவு செய்ய இயலாது.

கோல் மார்க்கெட்டைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் இன்று ஒரே ஊரில் இல்லை; படங்களும் அவ்வாறே சிதறிக் கிடக்கின்றன. ஆயினும் ஒரே வகுப்புப் படத்தின் பிரதிகள் பல வீடுகளில் இருக்கும். ஒரு வீட்டில் மறந்துபோன பெயர் இன்னொரு வீட்டில் நினைவில் இருக்கக்கூடும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ உறவினர்கள் கூடும் நாளில், வீட்டின் மூத்தவர் அருகே ஒரு படத்தையும் ஒரு பென்சிலையும் வைத்து அமர்ந்தால், 'டெல்லி மாமா'வுக்கு அவருடைய பெயரும் முகவரியும் திரும்பக் கிடைக்கும்.