ரஜினிக்குப் பின்பாட்டு பாடிய தாராவிப் பசங்க

உஷ்! சத்தம் போடாமல் வாருங்கள். ரஜினி நடித்த 'காலா' படப் பாட்டுகளில் பட்டாசுச் சரம் மாதிரி வெடித்துத் தள்ளிய ராப் குரல்கள் எங்கிருந்து வந்தன என்று எட்டிப் பார்க்கப் போகிறோம்.

மும்பை 400017, தாராவி. மாட்டுங்காவுக்குப் பக்கம்தான். ஆனால் மாட்டுங்காவில் காற்று வேறு. அங்கே கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1952-இல் தொடங்கிய சண்முகானந்தா சபா இருக்கிறது. தம்புரா, கீர்த்தனை, பட்டுப்புடவைச் சரசரப்பு. இந்தப் பக்கம் தொண்ணூறு அடி சாலையும் அதன் சந்துகளும். விடியும்போதே இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் விற்கக் கிளம்புகிற தமிழர்களின் தாராவி இது. இந்த மண்ணில் முளைத்த ராப் குழுதான் டோப்அடெலிக்ஸ். ஸ்டோனி சைக்கோ என்ற பட்டப்பெயரில் கலக்கும் டோனி செபாஸ்டியன் இதில் முக்கியப் புள்ளி.

இவர்கள் பாட்டுக்குள் என்ன போடுகிறார்கள்? இந்தப் பேட்டைப் பையனுக்கு வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, போலீஸ்காரர் நிறுத்தினால் மராத்தி, கெத்து காட்ட ஆங்கிலம். நாலும் அப்படியே பாட்டுக்குள் வந்து விழுகின்றன. அமெரிக்க ராப்பின் தாளக்கட்டும் நம்மூர்க் குத்தும் ஒரே சந்தில் இடித்துக்கொண்டு நடக்கின்றன. மைக் இல்லையா? வாயே மத்தளம்!

நையாண்டிக்கு வருவோம். 'ஆயி ஷபத் சாஹேப் மீ நவ்ஹதோ' என்று இவர்களுடைய பாட்டு ஒன்று. "அம்மா சத்தியமா சார், அது நான் இல்லை!" என்று தலைப்பே கெஞ்சுகிறது. போலீஸ் கெடுபிடிதான் விஷயம். கொதித்துக் கத்தியிருக்கலாம். இவர்களோ பயந்த பையன் வேஷம் கட்டுகிறார்கள், அதுவும் போலீஸ்காரரின் மொழியிலேயே. தப்பே செய்யாதவன் எதற்கு அம்மா மேல் சத்தியம் செய்ய வேண்டும்? சிரித்துக்கொண்டே கேட்டவனுக்கு இந்தக் கேள்வி அப்புறம்தான் உறைக்கும். தெருக்கூத்தில் ராஜாவை முன்னால் நிறுத்திவைத்தே கிண்டலடிப்பானே கட்டியங்காரன், அவனுக்கு இவர்கள் பேரப்பிள்ளைகள்.

அப்புறம்தான் அடித்தது யோகம். பா. ரஞ்சித் தாராவித் தமிழர் கதையை ரஜினியை வைத்து எடுக்க, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் இந்தப் பசங்களை மைக் முன்னால் நிறுத்தினார். 'செம்ம வெயிட்டு', 'தெருவிளக்கு', 'போராடுவோம்' என்று பாட்டுக்குப் பாட்டு இவர்கள் குரல். அதே ஆல்பத்தில் மலேசியாவின் யோகி பியும் இருக்கிறார். 2006-இல் 'மடை திறந்து' மூலம் தமிழ் ராப்பை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர். கோலாலம்பூரும் தாராவியும் ஒரே கேசட்டில்!

காதைக் கொடுங்கள், ஒரு ரகசியம். படத்தில் வாய் பிளந்து பார்த்தோமே தாராவி, அதில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட். சந்து டூப்பு, குரல் அசல்!

'காலா' வந்தது 2018 ஜூன் 7. தாராவி ராப்பை நாடு முழுக்கப் பேசவைத்த ஹிந்திப் படம் 'கல்லி பாய்' வந்தது 2019 பிப்ரவரி 14. அந்தக் கதைக்குத் தூண்டுகோலான ராப்பர்கள் இருவரும் தாராவிக்காரர்கள் அல்ல; நேஸி குர்லாக்காரர், டிவைன் அந்தேரிக்காரர். தாராவிப் பையன்களைத் தாராவிக்காகவே பாடவைத்ததில் பாலிவுட்டைவிட எட்டு மாதம் முந்திக்கொண்டது கோடம்பாக்கம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் ரஜினி படத்தோடு நின்றுவிடாதீர்கள். சினிமாவுக்கு வெளியே இவர்கள் பாடியவற்றில்தான் நக்கல் இன்னும் தூக்கலாக இருக்கிறது. இன்று ராத்திரியே ஹெட்போனை மாட்டிக்கொண்டு 'ஆயி ஷபத்'தில் ஆரம்பியுங்கள். மராத்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கெஞ்சலில் இருக்கும் குசும்பு எல்லா ஊர்க்காரனுக்கும் புரியும்.