விடுதிச் சாப்பாடு, வாட்ஸ்அப் வதந்தி, நெடுஞ்சாலை மறியல்: 2021 ஸ்ரீபெரும்புதூர் சொல்லும் பாடம் என்ன?

பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம், சுங்குவார்சத்திரம்... ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள இந்த ஊர்ப் பெயர்கள் செய்தியில் வந்தாலே பக்கத்தில் 'கோடி', 'முதலீடு', 'வேலைவாய்ப்பு' என்ற வார்த்தைகளும் வந்துவிடும். சிப்காட் பூங்காக்களில் எத்தனை ஆலை, எத்தனை பேருக்கு வேலை என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கேள்வியை யாரும் பெரிசா கேட்கிறதில்லை. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஏறுற அந்தப் பெண்கள் எங்கே தங்குறாங்க, என்ன சாப்பிடுறாங்க?

அந்தக் கேள்வியை ஒரே ஒரு முறை நாடே கேட்டது. 2021 டிசம்பரில்.

என்ன நடந்தது?

ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் பலர் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். டிசம்பர் 15 வாக்கில் அங்கே பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் சொன்ன கணக்குப்படி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் நூறு பேர் அளவில் சிகிச்சை பெற்று விடுதிக்குத் திரும்பினார்கள்.

இதுவரை இது ஒரு சுகாதாரப் பிரச்சினை மட்டும்தான். அடுத்த இரண்டு நாளில் அது வேறாக மாறியது. மருத்துவமனைக்குப் போனவர்களில் சிலர் வேலைக்கும் வரவில்லை, விடுதிக்கும் திரும்பவில்லை. போன் எடுக்கவில்லை. 'அவங்க எங்கே?' என்ற கேள்விக்கு வார்டனிடமும் பதில் இல்லை, சூப்பர்வைசரிடமும் பதில் இல்லை. 'இறந்துட்டாங்களாம், மறைக்கிறாங்களாம்' என்று வாட்ஸ்அப்பில் ஓட ஆரம்பித்தது.

டிசம்பர் 17 இரவு பெண்கள் சாலைக்கு வந்தார்கள். 18-ஆம் தேதி சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை பல மணி நேரம் முடங்கியது. அதிகாரிகள் வந்து 'யாரும் சாகலை' என்று சொன்னபோது கூட்டம் நம்பவில்லை. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களை வீடியோ காலில் காட்டிய பிறகுதான் நிலைமை தணிந்தது. யாரும் இறக்கவில்லை என்பது உண்மை. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைது செய்யப்பட்டார். போராடிய பெண்களில் பலரைப் போலீஸ் பிடித்து வைத்தது.

சமையலறைப் பக்கமும் கதை இருந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆய்வுக்குப் போனபோது எலிகளும், சரியில்லாத கழிவுநீர் வடிகாலும் இருந்ததாகச் சொன்னார்கள். அந்தச் சமையலறை மூடப்பட்டது.

சரி, வதந்திக்கு யார் காரணம்?

'படிக்காதவங்க, ஃபார்வர்டு மெசேஜை நம்பிட்டாங்க' என்பது எளிதான பதில். தவறான பதிலும்கூட. அந்தப் பெண்களில் பலர் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்கள். கையில் ஸ்மார்ட்போன் இருந்தது. அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: நம்பக்கூடிய தகவல்.

கொஞ்சம் அவங்க இடத்துல நின்னு பாருங்க. உங்க பக்கத்துப் படுக்கையில படுத்திருந்த பொண்ணை நடு ராத்திரி ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போறாங்க. ரெண்டு நாளா அவ போன் எடுக்கலை. எந்த ஆஸ்பத்திரின்னு யாருக்கும் தெரியலை. நீங்க என்ன நினைப்பீங்க?

இதில் இன்னொரு சிக்கல். ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில், விடுதி திருவள்ளூர் மாவட்டத்தில். ஆலை ஒருவருடையது. ஆள் எடுத்துக் கொடுப்பது ஒப்பந்ததாரர். விடுதி நடத்துவது வேறொருவர். சமைத்துப் போடுவது இன்னொருவர். இத்தனை கைகள் இருக்கும்போது, 'உங்க தோழி இந்த மருத்துவமனையில் இருக்கிறாள், நலமாக இருக்கிறாள்' என்று சொல்ல வேண்டிய வேலை யாருடையது என்றே எழுதி வைக்கப்படவில்லை என்றால், அந்த வேலையை வாட்ஸ்அப் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது.

தெரிந்தே பொய் பரப்பியவர் மீது நடவடிக்கை எடுப்பதில் தவறில்லை. ஆனால் தோழியைக் காணாமல் பதறியவளையும், பார்வைகளுக்காகப் பொய் சொன்னவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமும் இல்லை, பலனும் தராது. ஒருவரைக் கைது செய்தால் ஒரு வீடியோ நிற்கும். பதில் இல்லாத கேள்வி அப்படியேதான் இருக்கும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

'ஃபுட் பாய்சன்' என்பது ஒரே நோய் இல்லை. பெரிய அண்டாவில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கும் இடங்களில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் கிருமிகள் சில உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், சோறு வேகும்போதுகூடச் சாகாது. வடித்த சோற்றை அப்படியே வெளியே வைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அதனால்தான் சூடான உணவு சூடாகவும், குளிர்ந்த உணவு குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். காலையில் சமைத்து, வேனில் ஏற்றி, மதியம் ஒரு ஷிஃப்டுக்கும் ராத்திரி ஒரு ஷிஃப்டுக்கும் பரிமாறும் சாப்பாடு அந்த நடு வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நோய் எப்போது ஆரம்பித்தது என்பதே ஒரு துப்பு. சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், ஏற்கெனவே உணவில் உருவாகியிருந்த நஞ்சு மீது சந்தேகம் போகும். அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் என்றால், உடலுக்குள் போய்ப் பெருகிய சால்மோனெல்லா போன்ற கிருமி மீது போகும். அதனால் நல்ல விசாரணை மூன்று விஷயங்களைக் கேட்கும்: யார் யார் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு உடம்பு சரியில்லாமல் போனது? சாப்பிட்டும் நன்றாக இருப்பவர்களிடமும் இதைக் கேட்க வேண்டும்.

இங்கேதான் அறிவியலும் அரசியலும் சந்திக்கின்றன. இந்தக் கேள்விகளுக்குப் பதில் அந்தப் பெண்களிடம் மட்டுமே இருக்கிறது. அவர்களைச் சாட்சிகளாக நடத்தினால் காரணம் கிடைக்கும். சந்தேக நபர்களாக நடத்தினால் வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த முறை வயிறு வலித்தாலும் சொல்ல மாட்டார்கள்.

உலக சுகாதார அமைப்பு 2005-லேயே நோய்ப்பரவல் நேரத் தகவல் தொடர்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நம்பிக்கையைக் காப்பது, சீக்கிரம் அறிவிப்பது, வெளிப்படையாக இருப்பது, மக்கள் சொல்வதைக் கேட்பது, முன்கூட்டியே திட்டமிடுவது என ஐந்து விஷயங்கள். 2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் நின்றவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006-இன் 35-ஆவது பிரிவின் கீழ், குறிப்பிட்ட பகுதியில் உள்ள மருத்துவர்கள் தங்களிடம் வரும் உணவு நச்சு பாதிப்புகளைத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட முடியும். 65-ஆவது பிரிவில் இழப்பீடு உண்டு: மரணம் என்றால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்கிறது தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆனால் 2021-இல் எல்லோரையும் ஓட வைத்தது இந்தச் சட்டங்களா? டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பு வளையத்தில் வைத்தது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஒப்புக்கொண்டது. மூடிக் கிடந்த ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி இயங்க ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் இருக்கும் வாடிக்கையாளர் கோபப்பட்டால்தான் பூந்தமல்லி விடுதியின் கழிவறை சுத்தமாகும் என்றால், நம்ம ஊர் உரிமத்துக்கு என்ன மரியாதை?

இன்று என்ன மாறியிருக்கிறது?

மாற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய மாபெரும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பெண்கள் தங்கலாம். வாடகை வீடுகளில் நெருக்கியடித்து அடைப்பதைவிட இது பல மடங்கு மேல். பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் ஒரே கூரையின் கீழ் பதினெட்டாயிரம் பேர் என்றால், சமையலறையில் நடக்கும் ஒரு தவறும் அதே அளவுக்குப் பெரிசாகும். பிள்ளைப்பாக்கத்தில் மின்னணு ஆலைகளுக்காகவே தனித் தொகுப்பு வளர்கிறது. வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் புதுக் குடியிருப்புக்குள் வந்துவிடப் போவதில்லை. கிராமத்து மாடி வீடுகளும், ஒப்பந்ததாரர் எடுத்த கட்டடங்களும் தொடரத்தான் செய்யும்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு விடுதி வாசலிலும் மூன்று தகவல் ஒட்டப்படட்டும்: விடுதியின் உரிமம், சமையல் செய்பவரின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், கடைசியாக ஆய்வு நடந்த தேதி. பத்துப் பேருக்கு மேல் உடம்பு சரியில்லை என்றால், அன்று மாலைக்குள் மாவட்ட சுகாதார அலுவலர் அறிக்கை தரட்டும். எத்தனை பேர், எந்த மருத்துவமனை, எப்படி இருக்கிறார்கள் என்பது பொதுத் தகவல். நோயாளியின் பெயர் அவரது சொந்த விஷயம். ஆனால் அவர் சம்மதித்தால், அறைத்தோழிகளிடம் அன்றைக்கே ஒரு போன் பேச வையுங்கள். மறியல் பல மணி நேரம் நீடித்த பிறகு செய்ததை முதல் நாளே செய்யலாமே!

ஓஎம்ஆர் பிஜியில் தங்கி இதைப் படிக்கும் உங்களுக்கும் இது பொருந்தும். உங்க விடுதிச் சமையலறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் என்னன்னு இன்னைக்கு ராத்திரி சாப்பிடப் போகும்போது கேட்டுப் பாருங்க. பதில் வரலைன்னா, உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு புகார் போடுங்க. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.