எதிரியைக் கொல்லாமலும் ஜெயிக்கலாம்... 'அண்டர்டேல்' விளையாட்டு நம்மிடம் கேட்கும் கேள்வி

வீடியோ கேம் என்றாலே நமக்குப் பழகிப்போன ஒரு கணக்கு உண்டு. எதிரி வந்தால் அடி. அடித்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் லெவல் ஏறும்.

அந்த எதிரிக்கு ஒரு வீடு இருக்குமா? அவனுக்காக யாராவது காத்திருப்பார்களா? அதையெல்லாம் நாம் யோசிப்பதில்லை. யோசிக்கவும் விடமாட்டார்கள், அதற்குள் அடுத்த எதிரி வந்துவிடுவான்.

அதை யோசிக்க வைத்த விளையாட்டு 'அண்டர்டேல்'. 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்பு, துன்பம், நியாயம் எல்லாம் அதில் கதையாக மட்டும் வருவதில்லை. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு பட்டனிலும் வருகின்றன.

அப்படி என்ன ஸ்பெஷல்? பார்ப்போம்.

(கவனிக்க: கதையின் திருப்பங்கள் கீழே வருகின்றன. ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் முதல் மூன்று பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

யார் உருவாக்கியது?

அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ். கதை, நிரல், இசை மூன்றையும் பெரும்பாலும் அவர் ஒருவரே செய்தார். ஓவியங்களில் டெம்மி சாங் கைகொடுத்தார்.

இப்படிப் பெரிய நிறுவனத்தின் பின்புலம் இல்லாமல், ஒருவரோ சிலரோ சேர்ந்து உருவாக்குவதைத்தான் 'இண்டி கேம்' என்கிறோம்.

2013ஆம் ஆண்டு ஃபாக்ஸ் 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் நிதி திரட்டினார். கேட்டது 5,000 அமெரிக்க டாலர். கிடைத்தது 51,124 டாலர்!

2015 செப்டம்பர் 15ஆம் தேதி விளையாட்டு கணினிக்கு வந்தது. 2017இல் பிளேஸ்டேஷன், 2018இல் நின்டெண்டோ ஸ்விட்ச், 2021இல் எக்ஸ்பாக்ஸ் என்று மற்ற கருவிகளுக்கும் வந்து சேர்ந்தது.

படங்கள் ரொம்ப எளிமை. பழைய காலத்து கேம் மாதிரி கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

கதை என்ன?

முன்னொரு காலத்தில் மனிதர்களுக்கும் பூதங்களுக்கும் போர். மனிதர்கள் ஜெயித்தார்கள். தோற்ற பூதங்களை நிலத்துக்கு அடியில் தள்ளி, மந்திரத் தடுப்பு ஒன்றைப் போட்டு அடைத்துவிட்டார்கள்.

வெகு காலத்துக்குப் பிறகு எபட் என்ற மலையில் ஒரு குழந்தை தவறி, அந்தப் பாதாள உலகத்துக்குள் விழுகிறது. அந்தக் குழந்தைதான் நீங்கள். எப்படியாவது வீடு திரும்பவேண்டும்.

வழியில் பூதங்கள் வரும். சண்டைக்கும் வரும்.

சண்டை எப்படி நடக்கும்?

திரையில் நான்கு பட்டன்கள்:

- 'ஃபைட்': தாக்கலாம்
- 'ஆக்ட்': பேசலாம், சிரிக்க வைக்கலாம், தடவிக்கொடுக்கலாம்
- 'ஐட்டம்': கையில் இருக்கும் பொருளைப் பயன்படுத்தலாம்
- 'மெர்சி': மன்னித்து விட்டுவிடலாம், அல்லது தப்பி ஓடலாம்

எதிரியின் முறை வரும்போது சின்னச் சிவப்பு இதயம் ஒன்றை நீங்கள் நகர்த்தவேண்டும். அதுதான் உங்கள் உயிர். பாய்ந்து வரும் தாக்குதல்களில் படாமல் அது தப்பிக்கவேண்டும்.

ஒவ்வொரு பூதத்துக்கும் ஒவ்வொரு குணம். கூச்சப்பட்டுப் பாடாமல் நிற்கும் பூதத்தோடு சேர்ந்து நீங்கள் முணுமுணுத்தால் அதுவும் பாட ஆரம்பித்துவிடும். காவலுக்கு நிற்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் சந்தோஷத்தில் அதன் கழுத்து நீண்டுகொண்டே போகும்!

அதாவது, எதிரே இருப்பவரைப் புரிந்துகொள்வதுதான் கருணைக்கான வழி. கதையை முடிக்க ஒருவரைக்கூடக் கொல்லவேண்டிய அவசியம் இல்லை.

கேட்க ஈஸியாக இருக்கிறது, இல்லையா? இங்கேதான் சிக்கல்.

முதல் பாடம்: டோரியல்

விழுந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுபவர் டோரியல். ஆடு போன்ற முகம், தாயின் மனசு. கைபிடித்து அழைத்துப்போகிறார். உங்களுக்காக 'பை' சுட்டு வைக்கிறார். "இங்கேயே இருந்துவிடு" என்கிறார். வெளியே போனால் உங்களைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு.

ஆனால் கதை நகரவேண்டும் என்றால் நீங்கள் போகத்தான் வேண்டும். அவர் வழிமறித்துச் சண்டைக்கு நிற்கிறார்.

அவரிடம் பேசினால் வேலைக்கு ஆகாது. ஒருமுறை 'மெர்சி' அழுத்தினாலும் விடமாட்டார். அப்போது பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? மற்ற கேம்களில் செய்வதுபோல, "கொஞ்சம் அடித்துப் பலவீனமாக்கிவிட்டு அப்புறம் மன்னிக்கலாம்" என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு தெரிந்துதான் பொறி வைத்திருக்கிறார் ஃபாக்ஸ். டோரியலின் உயிர்ச்சக்தி ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும், அடுத்த அடி திடீரென்று பல மடங்கு பலமாக விழும். அவர் இறந்துவிடுவார்.

இன்னொரு விஷயம். உங்கள் உயிர் ஊசலாடும் நேரத்தில் அவர் வீசும் நெருப்பு உங்கள் இதயத்தைத் தொடாமல் விலகிப்போகும். அவர் உங்களைக் கொல்ல நினைக்கவே இல்லை. அதைக் கவனிக்காமல் நாம்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

"அச்சச்சோ!" என்று பழைய 'சேவ்' இருக்கும் இடத்துக்குத் திரும்பி, பொறுமையாக 'மெர்சி'யைத் திரும்பத் திரும்ப அழுத்தி அவரைக் காப்பாற்றலாம். ஆனால் சற்று நேரத்தில் ஃப்ளவி என்ற பேசும் பூ வந்து நிற்கும். நீங்கள் முதலில் அவரைக் கொன்றது தனக்குத் தெரியும் என்று சொல்லிச் சிரிக்கும்.

ரீலோட் செய்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடுமா? விளையாட்டு மறக்கவில்லை. நீங்களும் மறக்கமாட்டீர்கள்.

'லவ்' என்றால் அன்பா?

ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே அதே ஃப்ளவி ஒரு விளக்கம் சொல்லும். உங்கள் நிலையைக் காட்டும் 'எல்வி' என்பது 'லவ்' என்ற சொல்லின் சுருக்கமாம். நிறைய லவ் சேர்த்தால் பலசாலி ஆகலாமாம். அன்பைத் தருகிறேன் என்று வெள்ளை உருண்டைகளை அனுப்பும். தொட்டால் உயிர் ஊசலாடும்!

உண்மை கடைசியில்தான் தெரியும். சான்ஸ் என்ற எலும்புக்கூடு உங்களை நிறுத்தி விளக்கும். 'லவ்' என்பதன் விரிவு 'லெவல் ஆஃப் வயலன்ஸ்'. அதாவது வன்முறையின் அளவு. 'எக்ஸ்பி' என்பது அனுபவம் இல்லை. 'எக்ஸெக்யூஷன் பாயிண்ட்ஸ்', நீங்கள் மற்றவர்களுக்குத் தந்த வலியின் கணக்கு.

கொல்லக் கொல்ல மனம் மரத்துப்போகும். மரத்துப்போகப்போக அடுத்த கொலை இன்னும் சுலபமாகும். அதைத்தான் இத்தனை நேரம் நாம் 'லெவல் ஏறுது' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எதிரியை நேசிப்பதால் முன்னேறுவது என்ற யோசனை புதிதல்ல. 1997இல் ஜப்பானில் வந்த 'மூன்' என்ற விளையாட்டில், வீரன் கொன்றுபோட்ட விலங்குகளின் ஆவிகளைக் காப்பாற்றி, அப்படிச் சேர்க்கும் அன்பால்தான் லெவல் ஏறவேண்டும். அந்த யோசனை தம்மைத் தூண்டியதாக ஃபாக்ஸே சொல்லியிருக்கிறார். ஆனால் அண்டர்டேல் அதைத் திருப்பிப் போட்டது. இங்கே அன்பு காட்டினால் லெவல் ஏறவே ஏறாது.

நல்லவராக இருக்க என்ன செலவாகும்?

நிறைய செலவாகும்.

- யாரையும் கொல்லாவிட்டால் கடைசிவரை லெவல் 1தான், உயிர்ச்சக்தி 20தான்
- எல்லாரையும் கொன்றுகொண்டே போனால் லெவல் 20வரை ஏறலாம். உயிர்ச்சக்தி 99 ஆகும்

அதாவது, போகப்போக எதிரிகள் பலசாலி ஆகிறார்கள். நீங்கள் மட்டும் முதல் நாள் இருந்த அதே குழந்தையாகவே இருக்கிறீர்கள். பல முறை சாவீர்கள். எரிச்சல் வரும். "ஒரே ஒரு தடவை அடித்தால் என்ன?" என்று தோன்றும்.

பல விளையாட்டுகளில் நல்லவராக இருந்தால் உடனே பரிசு உண்டு. புது வாளோ கூடுதல் பலமோ கிடைக்கும். அது வியாபாரம். இங்கே கருணை காட்டினால் பலம் கூடுவதில்லை. அதனால்தான் நீங்கள் காட்டும் கருணைக்கு அர்த்தம் வருகிறது.

அண்டைன் என்ற காவல்படைத் தலைவியை எடுத்துக்கொள்வோம். கனமான கவசம் அணிந்து, உங்களைக் கொல்லத் துரத்துவார். வெப்பமான பகுதிக்குள் நீங்கள் ஓடிவிட்டால் பின்னாலேயே வந்து, சூடு தாங்காமல் மயங்கி விழுவார்.

பக்கத்தில் ஒரு தண்ணீர் இயந்திரம் இருக்கும். அவ்வளவுதான். "தண்ணீர் கொடு" என்று திரையில் எந்த அறிவிப்பும் வராது. அப்படியே போய்விடலாம். அல்லது ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து அவர்மேல் ஊற்றலாம். ஊற்றினால்? எழுந்து உங்களைப் பார்ப்பார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விடுவார். பாயிண்ட் கிடையாது.

ஆனால் பிறகு அவரோடு நட்பாகும் வழி அந்தக் குவளையிலிருந்துதான் தொடங்குகிறது.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதுதான் மனதைப் பிசையும்.

தடுப்பை உடைக்க 7 மனித ஆன்மாக்கள் தேவை. அரசர் ஆஸ்கோரிடம் ஏற்கெனவே 6 இருக்கின்றன. ஏழாவது, நீங்கள்.

அவரும் பிள்ளைகளை இழந்த தந்தை. அந்த வேதனையில் மனிதர்கள்மீது போர் அறிவித்தார். மக்களுக்கு நம்பிக்கை வந்தது. இப்போது அவரால் பின்வாங்க முடியவில்லை. ஒரு குழந்தை செத்தால் ஒரு சமூகமே சூரியனைப் பார்க்கலாம் என்றால், அரசர் என்ன செய்யவேண்டும்?

உங்களோடு சண்டையைத் தொடங்கும்போது அவர் செய்யும் முதல் காரியம், 'மெர்சி' பட்டனையே உடைத்துப்போடுவது. தம்மை நீங்கள் மன்னித்துவிடக்கூடாது என்று நினைக்கிறார்.

எல்லாரையும் கொன்றால்?

அதற்கும் வழி இருக்கிறது. ஆனால் தற்செயலாக அந்த வழியில் போக முடியாது. முதல் பகுதியில் மட்டும் 20 பூதங்களைத் தேடித் தேடிக் கொல்லவேண்டும். ஒரு கட்டத்தில் சண்டைத் திரை திறக்கும். எதிரே யாரும் இருக்கமாட்டார்கள்.

இசை மெதுவாகிக் கனக்கும். ஊர்கள் காலியாகிவிடும். பனி ஊரின் கடையில் ஆள் இருக்காது. தன் குடும்பத்தை ஒன்றும் செய்துவிடவேண்டாம் என்று கெஞ்சும் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். கல்லாவில் இருக்கும் காசை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தடுக்க யாரும் இல்லை.

முடிவில் அந்த உலகமே அழியும். திரும்ப வேண்டும் என்றால் உங்கள் ஆன்மாவை விற்கவேண்டும். விற்றபின், அடுத்தமுறை யாரையும் கொல்லாமல் நல்ல முடிவுக்கு வந்தாலும், கடைசிக் காட்சியில் ஒரு கறை இருக்கும். சாதாரண 'ரீசெட்' அதைப் போக்காது.

"நான் சும்மா பார்க்கத்தானே செய்தேன்!"

ஏன் அப்படிக் கொல்கிறோம்? பெரும்பாலும் வெறுப்பால் அல்ல. "என்ன ஆகும் பார்ப்போமே" என்ற ஆர்வத்தால்.

ஃப்ளவியும் அப்படித்தான் மாறியது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் உதவியதாம். எல்லாரோடும் நட்பாக இருந்ததாம். எல்லா முடிவையும் பார்த்துச் சலித்த பிறகு, வேறென்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளக் கொல்லத் தொடங்கியதாம்.

விளையாட்டை 100 சதவீதம் முடிக்கவேண்டும் என்று துடிக்கும் நமக்கு அது கண்ணாடி காட்டுவதுபோல் இல்லையா?

"நான் விளையாடவே இல்லை, யூடியூபில்தான் பார்த்தேன்" என்பவர்களையும் ஃப்ளவி விட்டுவைக்கவில்லை. தானே செய்யத் துணிவில்லாமல், அடுத்தவர் செய்வதை நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் அதைவிட மோசம் என்று குத்திக்காட்டும். பள்ளியில் ஒருவரைக் கேலி செய்யும்போது கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பவருக்கும் அது பொருந்தும்.

குறையே இல்லையா?

ஒரு கேள்வி எழலாம். தாக்க வருபவரை எப்போதும் மன்னிக்கத்தான் வேண்டுமா? நிஜ வாழ்க்கையில் துன்புறுத்துபவரிடம் பொறுமையாகப் பேசிக்கொண்டே இருந்தால் அவர் திருந்திவிடுவாரா?

அப்படி எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இது கற்பனை உலகம். அங்கே நீங்கள் செத்தாலும் மறுபடி எழுந்து வரலாம். அந்தச் சலுகை நிஜத்தில் யாருக்கும் இல்லை. ஆபத்து என்றால் விலகுவதும் உதவி கேட்பதும்தான் சரி.

விளையாட்டும் உங்களை வெறும் நல்லவர், கெட்டவர் என்று இரண்டாகப் பிரித்துவிடவில்லை. சிலரைக் கொன்று சிலரை விட்டால் நடுத்தரமான பல முடிவுகள் உண்டு. யார் பிழைத்தார், யார் இல்லை என்பதைப் பொறுத்து அவை மாறும்.

கடைசித் தெரிவு

யாரையும் கொல்லாமல், எல்லாரோடும் நட்பாகி முடித்தால் நல்ல முடிவு கிடைக்கும். தடுப்பு உடையும். எல்லாரும் வெளியே வந்து சூரியனைப் பார்ப்பார்கள்.

பிறகு எப்போதாவது அந்த விளையாட்டைத் திறந்து பாருங்கள். ஃப்ளவி வந்து நிற்கும். இந்த முறை மிரட்டாது. ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்ளும். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். இதை மாற்றும் சக்தி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ரீசெட் செய்யாமல் அவர்களை வாழ விடுங்கள்.

இன்னும் பார்க்காத காட்சிகள் இருக்கும். கொல்லும் வழி எப்படி இருக்கும் என்ற ஆசையும் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய கேம்தான். யாரும் தடுக்கப்போவதில்லை.

அவர்கள் வெறும் புள்ளிகளால் ஆன படங்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்படியும் உங்கள் விரல் அந்த 'ரீசெட்' பட்டனில் ஒரு நொடி தயங்குகிறதா?

தயங்கினால், அந்த அன்பை எந்த லெவலும் கணக்கில் சேர்க்காது.