நிலத்தடி நீரின் வயது

புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுப் பகுதியிலே, மயோசீன் காலச் சுண்ணாம்புக்கற் படையில் ஆழ்நீர் உறைகின்றது. அஃது எக்காலத்து மழை? விடை அந்நீரிலேயே உளது.

அண்டக்கதிர்களால் வானில் தோன்றி மழையோடு இறங்கும் திரித்தியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த அணுக்குண்டுச் சோதனைகள் அதனைப் பெருக்கின. ஆதலின், அஃது அறவே இல்லாத நீர் அவற்றுக்கு முந்திய மழையாகும்.

மிக முதிய நீருக்கு, மண்வளியினின்று கரையும் காபன்-14 சான்று. அதன் அரைவாழ்வு 5730 ஆண்டு. ஆயினும், சுண்ணாம்புக்கல் கரையுமிடத்து அதனை இழந்த பழங்காபன் சேர்ந்து நீரை உள்ளதினும் முதியதாய்க் காட்டும். அக்கலப்பைக் கழித்தே கணித்தல் வேண்டும்.

இதனாற் பயன் யாதெனின், புதுநீர் ஆண்டுமழையால் நிரம்பும். முதுநீரோ முன்னோர் வைத்த பொருள். வரவறியாது இறைப்பின் அது குன்றும். கடலோரமாதலின் உவர்நீரும் உட்புகும்.