பூட்லோடர் அழிந்தாலும் போர்டு சாவதில்லை

ஒரு கணினி போர்டுக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் ஓடுவது லினக்ஸும் அல்ல, ஆண்ட்ராய்டும் அல்ல. சிப் தயாராகும்போதே அதற்குள் பொறிக்கப்பட்ட ஒரு சிறு நிரல்தான் முதலில் ஓடுகிறது. அதற்குப் பூட் ரோம் என்று பெயர். எஸ்டி கார்டு, ஃபிளாஷ் சிப் என்று ஒவ்வோர் இடமாகத் தேடி, பூட்லோடர் கிடைத்ததும் எடுத்து ஓட்டுவது அதன் வேலை. இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்றி, அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது பூட்லோடரின் வேலை.

பூட்லோடர் கெட்டுப்போனால் திரையில் ஒன்றும் வராது. எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. ஆனால் கெட்டது ஃபிளாஷில் எழுதியிருந்த எழுத்து மட்டுமே. பூட் ரோமை யாராலும் அழிக்க முடியாது; அது ஒவ்வொரு முறையும் எழுந்து, தேடி, எதுவும் கிடைக்காமல் காத்திருக்கிறது. போர்டு செத்துவிட்டது என்று மூலையில் போடும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சிப் எங்கெங்கே தேடும், எந்த வரிசையில் தேடும் என்பது தெரிந்தால் மீட்பு வேலையில் பாதி முடிந்தது.

பூட்லோடர் பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக இருக்கும். மின்சாரம் வந்த கணத்தில் போர்டின் பெரிய நினைவகம் வேலை செய்யாது. சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய நினைவகம் மட்டுமே உண்டு. அதற்குள் அடங்கும் அளவுக்கு ஒரு சிறு நிரல் முதலில் வந்து பெரிய நினைவகத்தைத் தயார் செய்யும். பிறகு முழுப் பூட்லோடர் அங்கே ஏறும். இத்தகைய போர்டுகளில் மிகப் பரவலாக இருப்பது யூ-பூட். ஜெர்மனியைச் சேர்ந்த வொல்ஃப்காங் டெங்க் பிபிசிபூட் என்ற பெயரில் தொடங்கிய இந்த நிரல், 2002-இல் யூ-பூட் ஆனது.

கெடுவதற்கான காரணங்கள் சில. வேறு மாடலுக்கான கோப்பை எழுதிவிடுவது, சரியான கோப்பைத் தவறான இடத்தில் எழுதிவிடுவது, ஃபிளாஷ் சிப் தேய்ந்துபோவது. எல்லாவற்றையும் விடத் தொல்லையானது, எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போவது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த கடலூர் மாவட்டத்தில் மின்தடையைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாமல் பூட்லோடரைப் புதுப்பிக்கத் தொடங்கவே கூடாது.

இந்தியாவில் பூட் ரோமின் தேடல் வரிசையைக் கொண்டு மீட்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகாஷ் 2 டேப்லெட். 2012 நவம்பர் 11 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதை வெளியிட்டார். மானியம் போக மாணவர்களுக்கு 1,130 ரூபாய் என்று விலை சொல்லப்பட்டது. மும்பை ஐஐடி வழியாகப் பொறியியல் கல்லூரிகளுக்குப் போன அந்தக் கருவிக்குள் இருந்தது ஆல்வின்னர் ஏ13 சிப். இந்தச் சிப்பின் பூட் ரோம் எஸ்டி கார்டைத்தான் முதலில் பார்க்கும். உள்ளிருக்கும் ஃபிளாஷ் அதன் பிறகுதான். மும்பை ஐஐடி குழு, உள்ளே இருந்த ஆண்ட்ராய்டைத் தொடாமலே, எஸ்டி கார்டிலிருந்து குனு லினக்ஸை ஓட்டிக் காட்டியது இந்த வரிசையால்தான். உள்ளே உள்ள பூட்லோடர் அழிந்துபோனாலும் அதே கார்டு டேப்லெட்டை எழுப்பிவிடும்.

கார்டில் எங்கே எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆல்வின்னர் பூட் ரோம் கார்டின் தொடக்கத்திலிருந்து சரியாக 8 கிலோபைட் தள்ளிப் படிக்கும். அங்கே சிப் எதிர்பார்க்கும் அடையாள எழுத்துகளும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையும் இருக்க வேண்டும். பூட்லோடர் கோப்பைக் கார்டில் சாதாரணமாக நகலெடுத்துப் போட்டால் பயனில்லை. டிடி போன்ற கட்டளையால் அந்த இடத்தில் நேரடியாக எழுத வேண்டும். கார்டு என்று நினைத்துச் சொந்தக் கணினியின் வன்தட்டில் எழுதிவிட்டால் அது வேறு துயரம். என்டர் தட்டும் முன் கருவியின் பெயரை இரண்டாம் முறை பார்த்துவிட வேண்டும்.

கார்டிலும் ஃபிளாஷிலும் எதுவும் கிடைக்கவில்லை என்றால் இதே சிப் ஃபெல் என்ற நிலைக்குப் போய், யுஎஸ்பி கேபிளின் மறுமுனையில் உள்ள கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும். திரை இருண்டிருந்தாலும் கணினியில் புதிய யுஎஸ்பி கருவி ஒன்று தெரியும். அங்கிருந்து பூட்லோடரை நினைவகத்துக்குள் நேரே அனுப்பி ஓட்டி, பிறகு ஃபிளாஷைத் திருத்தலாம். மற்ற நிறுவனங்களின் சிப்புகளிலும் இப்படி ஒரு கதவு உண்டு, பெயர்தான் வேறு. ராக்சிப்பில் அதை மாஸ்க்ரோம் நிலை என்பார்கள்.

போர்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எழும்போது போர்டு அனுப்பும் வரிகளைக் கணினியில் படிக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று போதும். கிரவுண்டோடு கிரவுண்டு, அனுப்பும் ஒயரைப் பெறும் முனையில், பெறும் ஒயரை அனுப்பும் முனையில் என்று மூன்றே இணைப்புகள். மின்சார ஒயரை இணைக்கக் கூடாது. பெரும்பாலான போர்டுகளுக்கு மாற்றி 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும். 5 வோல்ட் கொடுத்தால் மீட்க வந்த கையே சிப்பைக் கொன்றுவிடும். வேகம் பெரும்பாலும் 115200. முதல் வரிகள் வந்து பாதியில் நின்றால் நினைவகம் தயாராவதில் சிக்கல். யூ-பூட் வந்து தன் அமைப்புத் தகவலின் சரிபார்ப்பு பிழை என்று சொன்னால், பூட்லோடர் நன்றாகவே இருக்கிறது; அமைப்பை இயல்புநிலைக்குத் திருப்பிச் சேமித்தால் போதும். முழு அமைதி என்றால் பூட் ரோமின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

பீகிள்போன் பிளாக் போர்டில் அந்தக் கதவு ஒரு பொத்தான். எஸ்டி கார்டு செருகும் இடத்துக்கு அருகிலுள்ள அதை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், சிப் உள் ஃபிளாஷை விட்டுவிட்டுக் கார்டைத் தேடும். சீரியல் திரையில் 'சி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால், அந்த ஒயர் வழியாகவே பூட்லோடரை அனுப்பும்படி சிப் கேட்கிறது என்று பொருள்.

ராஸ்பெரி பையின் தொடக்க மாடல்களில் பூட்லோடர் எஸ்டி கார்டிலேயே இருந்தது. கார்டை மாற்றினால் சிக்கல் தீர்ந்தது. 2019-இல் வந்த பை 4-இல் அது போர்டிலுள்ள தனிச் சிப்புக்கு மாறியது. அது கெட்டால், ராஸ்பெரி பை இமேஜர் நிரலில் உள்ள மீட்புக் கோப்பைக் கார்டில் எழுதிச் செருக வேண்டும். பச்சை விளக்கு வேகமாக மினுக்கி, திரை முழுவதும் பச்சையானால் வேலை முடிந்தது.

எல்லா போர்டும் மீளும் என்று சொல்ல முடியாது. கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டுமே ஏற்கும்படி சிப்பின் ஃபியூஸ்கள் எரிக்கப்பட்டிருந்தால், அந்தக் கையொப்பச் சாவி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. மின்சுற்றே கருகியிருந்தாலும் அப்படித்தான். ஃபிளாஷ் சிப் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றலாம். எட்டுக் கால் எஸ்பிஐ சிப் என்றால் கிளிப் மாட்டி வெளிப் புரோகிராமரால் நேரடியாகவும் எழுதலாம்.

மீட்க ஆளே போக முடியாத இடம் என்றால் மாற்று வழியை முன்கூட்டியே உள்ளே வைத்திருக்க வேண்டும். 2004 ஜனவரியில் செவ்வாயில் இருந்த நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி, ஃபிளாஷ் கோப்பமைப்பில் ஏற்பட்ட சிக்கலால் மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழும் வழி ஒன்று அதில் இருந்ததால், பூமியிலிருந்து கட்டளை அனுப்பி மீட்டார்கள். அதன்பின் 2010 வரை அது வேலை செய்தது.

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் கரையிலோ வீராணம் ஏரியின் மதகருகிலோ நீர்மட்டம் அளக்க ஒரு போர்டு பொருத்தினால் அதற்கும் இந்த ஏற்பாடு வேண்டும். பூட்லோடரை இரண்டு பிரதிகளாக வைத்து, புதுப்பிக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றலாம். யூ-பூட்டில் தொடக்க முயற்சிகளை எண்ணும் வசதி உண்டு. குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால் மாற்றுக் கட்டளையை ஓட்டிப் பழைய பிரதிக்குத் திரும்பச் செய்யலாம். போர்டு உறைந்துபோனால் தானே மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் கடிகாரமும் இயங்க வேண்டும். பெட்டியை மூடும் முன் சீரியலின் மூன்று முனைகளையும் பூட் பொத்தானையும் கைக்கு எட்டும்படி வெளியே கொண்டுவந்து, எந்த முனை எது என்று பெட்டியிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.