பெரிய கோயிலுக்கு எந்த ஆண்டு?

தஞ்சைப் பெரிய கோயிலை ஒரு கணினி அட்டவணையில் பதிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஊர், காலம், கட்டியவர் என்று நான்கு கட்டங்கள். பெயர்க் கட்டத்தில் பிரகதீஸ்வரர் கோயில் என்று எழுதினால், ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் அதை ராஜராஜேஸ்வரம் என்று அழைப்பது விட்டுப்போகும். காலக் கட்டத்தில் 1010 என்று எழுதினால் சிக்கல் இன்னும் பெரிது. அம்மன் சந்நிதி 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. சுப்பிரமணியர் சந்நிதியும் இன்று நாம் காணும் பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தவை. இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டுவித்த நீண்ட மராத்திக் கல்வெட்டும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. கருவறையைச் சுற்றியுள்ள உள்நடையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டார். ஒரே சுவருக்கு இரண்டு நூற்றாண்டுகள் உரிமை கொண்டாடுகின்றன. கட்டமோ ஒரே ஆண்டைக் கேட்கிறது. நம் மரபுச் சின்னங்களைப் பற்றிய பட்டியல்கள் பலவும் இப்படி ஒற்றை ஆண்டைக் கேட்டு வாங்கி வைத்திருப்பவைதான்.

மென்பொருள் எழுதத் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது. நாம் ஆராயும் உலகில் என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்னென்ன உறவுகள் உண்டு என்று தாளில் வரைந்துகொள்வதைக் கருத்துநிலைத் தரவு மாதிரி என்கிறார்கள். கணினிச் சொல்போல் தோன்றினாலும் இதில் பாதி வரலாற்று ஆய்வாளரின் வேலை. சர்வதேச அருங்காட்சியகப் பேரவையின் ஆவணக் குழு முதலில் அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்ட மாதிரி ஒன்றைத்தான் வைத்திருந்தது. 1996 முதல் அந்த வழியை விட்டு, நிகழ்வுகளை நடுவில் வைக்கும் சிடோக் சி.ஆர்.எம். என்ற மாதிரியை உருவாக்கியது. 2006இல் அது 21127 என்ற எண்ணுடன் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் அடிப்படை எளியது: ஒரு பொருளுக்குத் தானாகவே ஒரு காலமோ உரிமையாளரோ ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. செய்தல், கொடுத்தல், புதுப்பித்தல், எடுத்துச் செல்லுதல் என்று ஏதோ ஒரு நிகழ்வு நடந்திருக்கிறது. அதில் ஆளும் இடமும் நாளும் பொருளும் சந்திக்கின்றன. நம் நாட்டு வரலாற்றுத் தரவுக்கும் இந்த அடித்தளம்தான் பொருந்தும் என்பது என் வாதம். அதற்கு முதல் சான்று கல்வெட்டுகளே.

ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று பெரிய கோயில் கல்வெட்டு பதிவு செய்கிறது. யார், எதை, எந்த நாளில், எதற்காக என்று எல்லாமே அந்த ஒரே செயலைச் சுற்றிக் கோக்கப்பட்டிருக்கின்றன. அரசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகளின் உயரமும் அணிகலன்களின் எடையும்கூடக் கல்லில் உண்டு. அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. கையில் உள்ள பொருளுக்கு மட்டும் எண் கொடுக்கும் பதிவேட்டில், இல்லாத திருமேனிக்கு வரிசை ஏது? கொடுத்த நிகழ்வைப் பதியும் மாதிரியில் மட்டுமே அதற்கு இடம் கிடைக்கும்.

சரி, அந்த 275ஆம் நாள் கி.பி. 1010 என்று யார் சொன்னது? கல் சொல்லவில்லை. கல்வெட்டுகளில் உள்ள வானியல் குறிப்புகளைக் கணக்கிட்டு, ராஜராஜன் 985இல் பட்டமேறினான் என்று முடிவுகட்டிய அறிஞர்கள் சொன்னது. இந்த வேறுபாட்டை மாதிரி கட்டாயம் காக்க வேண்டும். முற்காலச் சோழர் கல்வெட்டுகளில் அது இன்னும் முக்கியம். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிப் பூண்டார்கள். வெறுமனே ராஜகேசரியின் 4ஆம் ஆண்டு என்று மட்டும் சொல்லும் கல்வெட்டு முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ராஜராஜன் ஆகிய நால்வரில் எவனுடையதாகவும் இருக்கலாம். இடைவெளி நூறு ஆண்டுக்கு மேல். எழுத்தமைதியை வைத்தும் உள்ளே வரும் அதிகாரிகளின் பெயரை வைத்தும் அறிஞர் ஒருவர் ஆதித்தன் என்பார், அடுத்தவர் மறுப்பார். கல்லில் உள்ள வாசகம் ஒரு பதிவு, இன்னார் இன்ன ஆதாரத்தால் இன்ன மன்னன் என்று கருதியது வேறொரு பதிவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் பத்தாண்டு கழித்து அந்த ஊகமே கல்வெட்டாகிவிடும்.

பெயர்களின் கதையும் இதேதான். பெரிய கோயிலுக்கு வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிப்பெண்கள், 400 பேரின் பட்டியல் கல்லில் இருக்கிறது. ஒரே பெயர் கொண்டவர்கள் அதில் பலர். ஆனால் குழப்பம் இல்லை. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருச்சிறகில் எத்தனையாவது வீடு என்பதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். ஆளைப் பெயரால் மட்டும் அடையாளம் காணக் கூடாது என்பது ராஜராஜனின் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. (இன்றைய தரவுத்தளங்கள் சிலவற்றுக்கு அது இன்னும் தெரியாது.) ஆய்வாளர்கள் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் தொகுப்பை வெளியிட்டபோது, சிதறிக் கிடந்த தனிமனிதர்களை ஒருசேரப் பார்க்க முடிந்தது. பெயருக்குப் பின்னால் உள்ள ஆளைத் தனி அடையாள எண்ணால் குறிப்பது அந்த உழைப்பின் இயல்பான அடுத்த படி.

இதெல்லாம் அறிஞர்களுக்குத்தானே, மற்றவர்களுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை நினைத்துப் பார்க்கலாம். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய திருமேனி அது. சிலை பல காலத்துக்கு முன்பே முறைப்படி கைமாறியது என்று காட்டப் போலி ஆவணங்கள் இருந்தன. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பில், 1994இல் அதே சிலை ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்தபோது எடுத்த படம் இருந்தது. இந்த நாளில் இந்த இடத்தில் இந்தத் திருமேனி இருந்தது என்ற ஒற்றை நிகழ்வு, கட்டுக்கதை முழுவதையும் உடைத்தது. 2014இல் நடராஜர் இந்தியா திரும்பினார். நடராஜர், வெண்கலம், சோழர் காலம் என்ற பட்டியல் வரி மட்டும் இருந்திருந்தால் அது எதையும் நிரூபித்திருக்காது.

இவ்வளவு நுணுக்கத்தைக் கோயில் ஊழியரும் அருங்காட்சியக எழுத்தரும் தாங்குவார்களா என்பது நியாயமான தயக்கம். சி.ஆர்.எம். வகைகளை முழுமையாகப் படித்தால் யாருக்கும் கண் சுழலும். ஆனால் உள்ளே இருக்கும் மாதிரியும் ஊழியர் நிரப்பும் படிவமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. யார் கொடுத்தார், எப்போது, எந்த ஆதாரம் என்று மூன்று கேள்விகள் கேட்கும் படிவம் போதும். பின்னால் கணினி அவற்றை நிகழ்வாகக் கோத்துக்கொள்ளும். நிகழ்வுகளிலிருந்து எளிய பட்டியலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பட்டியலிலிருந்து நிகழ்வுகளை மீட்க முடியாது.

என்னை யோசிக்க வைக்கும் மறுப்பு வேறு. ஐரோப்பிய அருங்காட்சியக அனுபவத்தில் பெரும்பாலும் வளர்ந்த இந்த மாதிரி, செயல்படுபவரையும் செய்யப்பட்ட பொருளையும் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. கோயிலில் இருக்கும் உற்சவர் செப்பால் செய்த பொருள். சொத்து உடையவரும் அவரே. இந்தியச் சட்டமும் கோயில் தெய்வத்தைச் சட்டநபராக ஏற்கிறது. சோழர் கல்வெட்டுகளில் கோயிலின் நிலம் வாங்கல், விற்றல் பலவும் சிவனடியாராக வழிபடப்படும் சண்டேசுவரர் பெயரில் நடக்கின்றன. வாங்கியவர் கட்டத்தில் கோயில் நிர்வாகம் என்று எழுதிவிட்டால் வேலை சுலபமாகும், ஆனால் கல்லின் வாசகம் நம் வசதிக்காகத் திருத்தப்பட்டிருக்கும். வாங்கியவர் சண்டேசுவரர் என்றே பதிந்து, அவர் பெயரில் கையாண்ட மனிதர்கள் இன்னார் என்பதைத் தெரிந்த இடத்தில் மட்டும் தனியாக இணைப்பதுதான் சரி. ஒரே திருமேனியை ஒரு நிகழ்வில் பொருளாகவும் இன்னொரு நிகழ்வில் உரிமையாளராகவும் காட்டச் சி.ஆர்.எம். இடம் தருகிறது, எந்த நிகழ்வில் எது என்று விதி எழுத வேண்டியவர்கள் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்த நம் ஆய்வாளர்கள்தான்.