கணினிக்குள் ஒரு நீர்த்தொட்டி

இறுவட்டின் பயன்பாடு அருகியபின், பல கணினிப் பெட்டிகளின் முகப்பிலே அதற்கென விடப்பட்ட 5¼ அங்குல அறை வெறுமையாய்க் கிடக்கின்றது. ஏறக்குறைய 146 மில்லிமீற்றர் அகலமும் 41 மில்லிமீற்றர் உயரமுங் கொண்ட அவ்விடத்தில் நீர்த்தொட்டி பொருத்துவோர் உளர். ஈரறை கொள்ளும் தொட்டியாயின், பம்பியும் அதனோடு சேர்ந்தே அடங்கும். பம்பி தள்ளும் நீர், செயலியின் மேலமர்ந்த செப்புத் தகட்டிலே சூட்டை ஏற்று, விசிறி வீசும் றேடியேற்றரில் அதனை இழந்து மீளும்.

இடம் வசதியானதே, ஆபத்தும் அங்கேதான். அறை பெரும்பாலும் பெட்டியின் மேற்பகுதியில் இருத்தலின், கசியுந் துளி கீழுள்ள மின்சுற்றுப் பலகையில் விழக்கூடும். ஆகவே, ஏனைய உறுப்புகளுக்கு மின்சாரங் கொடாது, பம்பியை மட்டும் 24 மணித்தியாலம் இயக்கி, மூட்டுகளின்கீழ்க் கடதாசி விரித்துப் பார்ப்பர். நீரில்லாப் பம்பியை ஓட்டுதல் கூடாது. அது விரைவிற் பழுதாகும். கடதாசி ஈரமின்றி இருந்தாலன்றிக் கணினியை இயக்கலாகாது.